பிக்கப்பில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறல்: சரிசெய்த விதம்

ஓசூர் ரோட்டில் 80-ல் போகும்போது பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறும். மிதிக்காதபோது ஆட்டமே இல்லை என்பதால் வீல் பேலன்ஸைச் சந்தேகிக்கவில்லை. காலி ரோட்டில் 30 வேகத்தில் ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தேன், அதிர்வில்லை. பின் டிரம் சரி, கோளாறு முன் டிஸ்க்கில்.

நட்டுகளால் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றினால் இடப்பக்கம் 0.14 மி.மீ. பக்கவாட்டு ஆட்டம். 0.05-க்குள் இருந்தால் நிம்மதி. "டிஸ்க் கோணிப்போச்சு" என்று உடனே கடைந்து சமமாக்க லேத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். கழற்றினால் ஹப் முகத்தில் துருப் பொருக்கு! வயர் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் 0.04. ஆனால் அதற்குள் டிஸ்க் சீரில்லாமல் தேய்ந்துவிட்டது. மைக்ரோமீட்டரில் எட்டு இடம் அளந்ததில் தடிமன் வித்தியாசம் 0.03, உதறலுக்கு அதுவே போதும். குறைந்தபட்சத் தடிமனும் நெருங்கிவிட்டதால் லேத் வேண்டாமென்று பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஜோடியாகப் புது டிஸ்க், பிரேக் பேட் வாங்கினேன். துருவோடு மாட்டியிருந்தால் புதுசும் இதே கதிதான்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின் ஒன்று இறுகியிருந்தது. சிலிக்கோன் கிரீஸ் போட்டேன். வீல் நட்டுகளை ஏர் கன்னால் அல்ல, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) எதிரெதிராக இறுக்கினேன். பிறகு புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, 60-லிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டு முறை பிரேக். உதறல் போச்சு.