உங்கள் ஏரியாவின் வரலாற்றை எழுதுவது எப்படி? புளியந்தோப்பை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

வடசென்னை என்றதும் ரவுடி, கானா, குத்துச்சண்டை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்தவர்களும் ரயில்பெட்டி கட்டியவர்களும் வாழ்ந்த இடம் அது. அவர்கள் வரலாற்றை அந்தத் தெருப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பட்டம் தேவையில்லை.

படி 1: எல்லையைச் சின்னதாக வையுங்கள்

'வடசென்னை' என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டீர்கள். வடசென்னையில் உள்ள புளியந்தோப்பில், ஆட்டுத்தொட்டி (ஆடு வெட்டும் இடம்) பக்கம் நாலு தெரு போதும். ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். டெமல்லோஸ் ரோடு, ஸ்ட்ராஹன்ஸ் ரோடு என்ற பெயர்ப்பலகைகள், கோயில், மசூதி, சர்ச், சங்கக் கொடிக்கம்பம் எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். கொடிக்கம்பத்தின் அடியில் கல்வெட்டு இருந்தால் குனிந்து முழுவதும் படியுங்கள். திறந்து வைத்தவர் பெயரும் தேதியும் கிடைத்தால் அதுவே உங்கள் முதல் ஆவணம்.

படி 2: ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள்

நோட்டில் ஒரு பக்கம் போதும். 1876 பக்கிங்காம் மில் (துணி ஆலை). 1881 கர்நாடிக் மில். 1920இல் இரண்டும் இணைந்து பி அண்ட் சி. மக்கள் வாயில் 'பின்னி மில்'. 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். 1970 குடிசை மாற்று வாரியம். 1996 மில் மூடல்.

பிறகு ஒவ்வொரு ஆண்டுக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். 1918ஐ எடுத்துக்கொள்வோம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூரில் நடத்திவந்த பக்தி சபைக்கு மில் தொழிலாளர்கள் வந்துபோவார்கள். சாமி பேச்சுக்கு நடுவே மில் கஷ்டமும் பேச்சானது. மதியம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது அதில் ஒன்று. அங்கிருந்துதான் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, துணை நின்றவர் திரு.வி.க. மில்லை நடத்திய பின்னி கம்பெனி வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும், சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்ததில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 3: பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மில் மூடியபோது முப்பது வயதில் இருந்தவர்களுக்கே இப்போது அறுபது ஆகிறது.

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு முடிந்துவிடும். "மொதல் சம்பளத்துல என்ன வாங்குனீங்க?" என்று கேளுங்கள். "மில்லுல உங்கள சேத்துவிட்டது யாரு?" என்ற கேள்விதான் என் அனுபவத்தில் மிகச் சிறந்தது. அப்பாவா, சித்தப்பாவா, ஊர்க்காரரா, மேஸ்திரியா என்று சொல்லும்போதே சொந்த ஊரும் சாதியும் சிபாரிசும் தானாக வெளிவரும்.

வீட்டு ஆயாவிடம் தனியாகப் பேசுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். கதவடைப்பு (முதலாளியே மில்லைப் பூட்டிவைப்பது) மாதங்களில் எந்த நகை அடகுக்குப் போனது, மளிகைக்கடையில் யார் கடன் கொடுத்தது என்பதெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும். பி.எஃப். சீட்டு, மில் அடையாள அட்டை காட்டினால் இரண்டு பக்கமும் படமெடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: 1921ஐ எழுதாமல் விட்டுவிடாதீர்கள்

தொழிலாளர் ஒற்றுமை என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. அந்த ஆண்டு ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம் நின்றார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இந்தப் பிளவு நீதிக்கட்சிக்குள்ளும் புகுந்தது, அதிலிருந்த ஆதி திராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டே விலகினார்.

வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போனவர்களைத் திட்டும் 'கருங்காலி' என்ற வசவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கையில் சேமிப்பே இல்லாத குடும்பம் எத்தனை வாரம் தாங்கும், சங்கத்தில் யார் குரல் எடுபட்டது, சேரிக்கும் மில்லுக்கும் நடுவே அரசின் தொழிலாளர் துறை என்ன செய்தது என்று தேடுங்கள்.

படி 5: ஆவணங்களைப் பாருங்கள்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைத் தேட ஆண்டும் துறையும் தெரிந்திருக்க வேண்டும். படி 2இல் போட்ட பட்டியல் இங்கே கைகொடுக்கும். அதிகாரி எழுதிய அறிக்கையில் தொழிலாளி 'கும்பல்' ஆகிவிடுவார். அதனால் கூடவே திரு.வி.க. நடத்திய பத்திரிகைகளையும் படியுங்கள். 1918க்கு 'தேசபக்தன்', 1921க்கு 'நவசக்தி'. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பற்றி விசாரியுங்கள்.

படி 6: எழுதி, வாசித்துக் காட்டுங்கள்

பேசியவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். காதால் கேட்டதையும் காகிதத்தில் பார்த்ததையும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதுங்கள். 1921 பகுதியை மட்டும் வெளியிடும் முன் இரண்டு தரப்புக் குடும்பங்களிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுத்துச் சொல்வதையும் அடுத்த பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.