சிபிடி பண்றேன்னு தைல டப்பாவோட பாலம் ஏறாதீங்க

பிராக்டிக்கல் ட்ரெய்னிங்குக்கு வர்ற கவுன்சலிங் பிள்ளைங்களையும் பாக்குறேன், ஃபோன்ல ஆப் ஏத்திட்டு தானாவே சிபிடி (காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, எண்ணத்தையும் நடத்தையையும் மாத்திப் பாக்குற மனநல சிகிச்சை) ஆரம்பிக்கிறவங்களையும் பாக்குறேன். ரெண்டு கூட்டமும் ஒரே குழியில விழுது, நாங்கல்லாம் ஆரம்பத்துல விழுந்த அதே குழி. ஹோம்வொர்க் பண்ணாம வர்றது, ரெண்டு செஷன்ல சரியாகணும்னு எதிர்பாக்குறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1960கள்ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஆரோன் பெக்ன்னு ஒரு மனநல டாக்டர், டிப்ரஷன் உள்ளவங்கள ஃப்ராய்டு முறையில படுக்க வச்சு பேச விட்டுட்டு இருந்தவரு, இவங்க வாயால சொல்ற கதைக்கு அடியில இன்னொரு பேச்சு சத்தமில்லாம ஓடுதுன்னு கவனிச்சாரு, "நான் உருப்படாதவன்", "இவருக்கும் என்னைப் பாத்தா சலிப்பாத்தான் இருக்கும்" அந்த மாதிரி. நாம கூப்பிடாமலே தானா வர்ற அந்த எண்ணத்த பிடிச்சு, அது சொல்றது உண்மையான்னு சோதிச்சுப் பாக்குறதுதான் சிபிடியோட மையம். அதுக்காக நோட்டுல கட்டம் போட்டு நடந்தது, எண்ணம், உணர்ச்சின்னு தனித்தனியா எழுதுவாங்க. சோதிச்சுப் பாக்குறது, அத ஞாபகம் வச்சுக்குங்க, கீழ சொல்லப்போற தப்பு பாதி அத மறந்ததால வர்றதுதான்.

நல்லதையே நினைன்னு எழுதி வைக்கிறது

பாஸ் ஈமெயில் அனுப்பிருக்காரு, "நாளைக்கு வந்து பாருங்க"ன்னு ஒரே வரி. உடனே "என்னை வேலைய விட்டு தூக்கப் போறாங்க"ன்னு எண்ணம். அதுக்கு பக்கத்துல "நான் ரொம்ப திறமைசாலி, எல்லாம் நல்லபடியா நடக்கும்"னு எழுதுறாங்க. எழுதினவருக்கே அதுல நம்பிக்கை பத்து பர்சன்ட் கூட இல்ல! நம்பாத வரிய எத்தன தடவ எழுதினாலும் மனசு நகராது. "போன தடவையும் இப்படித்தான் கூப்பிட்டாரு, ஷிஃப்ட் மாத்துறத பத்தித்தான் பேசினாரு, இந்த தடவ என்னன்னு தெரியல, நாளைக்கு தெரியும்", இது போதும். கேக்க அழகா இருக்காது, ஆனா நம்பலாம்.

எண்ணம் எழுதுற எடத்துல கேள்வி எழுதுறது

கல்யாண வீட்டுல மாமா பேசாம போயிட்டாரு, "ஏன் என்கிட்ட பேசல?"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. கேள்விய சோதிக்க முடியாது. அதுக்கு உங்க மனசு என்ன பதில் வச்சிருக்குன்னு எழுதுங்க, "எனக்கு இன்னும் வேலை கிடைக்கலன்னு கேவலமா நெனைக்கிறாரு", ஆங், இப்பதான் கைக்கு ஏதோ சிக்குது. "சோகமா இருந்துச்சு" எண்ணம் இல்ல, உணர்ச்சி, அதுக்கு வேற கட்டம் இருக்கு.

கவசத்தோட போயி பரீட்சை எழுதுறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற தப்பு, கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்குங்க.

ஒரு பையன்னு வச்சுக்குவோம், பல பேரு கதைய கலந்துதான் சொல்றேன். மலேசியாவுல, வீடு கரைப் பக்கம் பிறையில, வேலை கடல தாண்டி பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில. ஒரு நாள் காலையில பினாங்கு பாலத்துல நடுவுல ஜாம், காடி (காரு) நகரல, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, தலை சுத்தி, விரலெல்லாம் மரத்துப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, எல்லாம் நல்லா இருக்கு. (இந்த செக்கப் முதல்ல முடிச்சுடணும், மனசுதான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.) அதுக்கப்புறம் பாலம் பக்கமே போகல. ஃபெர்ரியில இப்போ காடி ஏத்துறதும் இல்ல, அதனால பட்டர்வொர்த்ல காடிய போட்டுட்டு ஃபெர்ரி, அங்கேருந்து பஸ், லேட், அப்புறம் எம்சி (மெடிக்கல் லீவு), அப்புறம் இன்னும் எம்சி.

அவரோட எண்ணம் "பாலத்துல மயக்கம் போட்டு காடிய தடுப்புல மோதிடுவேன்". எவ்ளோ நம்புறீங்கன்னு கேட்டா தொண்ணூறு பர்சன்ட். புதுசா வந்த கவுன்சலர் பொண்ணு சரியாத்தான் ஆரம்பிச்சது. ஆதாரம் இந்தப் பக்கம், ஆதாரம் அந்தப் பக்கம், ரூம்ல உக்காந்து எழுதி முடிச்சா அறுபதுக்கு இறங்கும், பிறை டோல் கண்ணுல பட்டதும் திரும்ப தொண்ணூறு. சரி பேப்பர் போதாது, பாலத்துல போயே பாப்போம்னு அனுப்பினாங்க. அவரும் போனாரு, தாண்டினாரு, திரும்ப திரும்ப தாண்டினாரு. பயம் மட்டும் ஒரு இஞ்சு குறையல. "சிபிடில்லாம் வேலைக்காகாது"ன்னு நின்னுட்டாரு.

எப்படி தாண்டினீங்கன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இடது லேன், கண்ணாடி முழுசா இறக்கி விட்டிருக்கு, தொடைக்கு நடுவுல தண்ணி போத்தல், கைக்குட்டையில கோடாலி தைலம், மனைவி ஃபோன் ஸ்பீக்கர்ல அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வரணும், ஸ்டியரிங்க விரல் வெளுக்கற மாதிரி பிடிச்சிருக்காரு. இவ்வளவு கவசமும் இருந்தா மனசு என்ன கத்துக்கும்? "மயக்கம் வரல, ஏன்னா தைலம் இருந்துச்சு". பாலம் ஆபத்து இல்லன்னு கத்துக்கறதுக்கு பதிலா தைலம்தான் உசுர காப்பாத்துச்சுன்னு கத்துக்கிச்சு, ஒவ்வொரு தடவ தாண்டும்போதும் அந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாச்சு. பிரிட்டன்ல பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991லயே இத விளக்கி எழுதிட்டாரு. பயந்தது நடக்கவே நடக்காம இருந்தும் பயம் ஏன் போகல, ஏன்னா நாமளே ஏதோ செஞ்சு தடுத்துட்டதா நெனச்சுக்கறோம். இவ்வளவு வருஷமாச்சு, இன்னும் புதுசா வர்றவங்க கவசத்த கழட்டாமலேதான் ஆள அனுப்புறாங்க.

இதுல இன்னும் மோசம், நாமளே புதுசா ஒரு கவசம் தச்சு குடுக்கறது. "பயம் வந்தா நாலு எண்ணி மூச்சு இழுங்க"ன்னு சொல்லிக் குடுத்துடறாங்க. மூச்சுப் பயிற்சி கெட்டதுன்னு சொல்லல, ராத்திரி தூங்கறதுக்கு பண்ணுங்க, தாராளமா. ஆனா "எண்ணி மூச்சு விடலன்னா மயங்கிடுவேன்"னு ஆயிடுச்சுன்னா அதுவும் தைல டப்பாதான். சாமி பேர சொல்றதும் அப்படித்தான், சண்டைக்கு வராதீங்க லா. காலையில கும்பிட்டுட்டு தைரியமா கிளம்புறது வேற, மூச்சுக்கு மூச்சு முருகான்னு சொல்லாட்டி காடி மோதிடும்னு நம்புறது வேற.

அப்புறம் எப்படித்தான் பண்ணணும்? முதல்ல உடம்பு விஷயம் தெரிஞ்சுக்கணும். மயக்கம் வரணும்னா பொதுவா ரத்த அழுத்தம் இறங்கணும், பேனிக் (திடீர் பீதி) வரும்போது இதயம் வேகமா அடிச்சு அழுத்தம் ஏறத்தான் செய்யும். தலை சுத்தல், விரல் மரத்துப் போறது இதெல்லாம் வேக வேகமா மூச்சு விடறதால வர்றது. (ரத்தம், ஊசி பாத்தா பயப்படறவங்க மட்டும் விதிவிலக்கு, அவங்களுக்கு அழுத்தம் சட்டுனு இறங்கும், நெஜமாவே விழுவாங்க, அவங்களுக்கு கை கால் தசைய இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி தனியா இருக்கு.) இத சொல்லிட்டு மட்டும் விட்டா அதுவும் ஒரு லெக்சர்தான். அந்தப் பையன் திரும்ப வந்தப்போ ரூம்லயே எழுப்பி நிக்க வச்சு ஒரு நிமிஷம் வேகமா மூச்சு விடச் சொன்னோம், இதயக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தா டாக்டர கேக்காம இத செய்யக்கூடாது. தலை சுத்துச்சு, விரல் மரத்துச்சு, பாலத்துல வந்த அதே ஃபீலிங், ஆனா விழல. "இவ்ளோதானா?"ன்னு மொகம் மாறிடுச்சு.

அப்புறம்தான் பாலம். போறதுக்கு முன்னாடி எழுதணும், என்ன நடக்கும்னு நெனைக்கிறீங்க, எத்தன பர்சன்ட். தைலம் வீட்டுல, ஃபோன் பேக்குல, போத்தல் பூட்டுக்குள்ள, கண்ணாடி மேல. ஒரே நாள்ல எல்லாத்தையும் விட முடியலன்னா ஒவ்வொன்னா விடுங்க, ஆனா விட்டே ஆகணும். சீட் பெல்ட்ட கழட்டச் சொல்லல! பக்கத்துக் காடியில பயமில்லாம போறவரும் அத செய்வாரான்னு கேட்டுப் பாருங்க. பெல்ட் போடுவாரு. மடியில போத்தல இடுக்கிக்கிட்டு தைலத்த மோந்து பாத்துக்கிட்டு போக மாட்டாரு. அந்தப் பக்கம் போனதும் காடிய ஓரமா நிறுத்தி, எழுதினது நடந்துச்சா இல்லையா, இப்போ எத்தன பர்சன்ட்னு திரும்ப எழுதணும். பயம் வந்துச்சா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல, வரத்தான் செய்யும், மயங்கி மோதினீங்களாங்கிறதுதான் கேள்வி.

பாலம் உங்களுக்கு பிரச்சன இல்லன்னா உங்க தைல டப்பா வேற எங்கயோ இருக்கும். மீட்டிங்ல பேசாம இருக்க ஃபோன நோண்டுறது, சொல்ல வந்தத பத்து தடவ மனசுக்குள்ள ஒத்திக பாக்குறது, கை நடுங்கறது தெரியாம இருக்க தே தாரிக் கிளாஸ ரெண்டு கையால பிடிக்கறது.

எண்ணத்த அடக்கப் பாக்குறது

அடக்காதீங்க, அடக்கினா அதுதான் வரும்.

"ஒன்னும் ஆகாதுல்ல?"ன்னு வீட்டாளுங்கள கேட்டுக்கிட்டே இருக்கறது

அதுவும் கவசம்தான். மேல சொன்ன பாலம் கதைய திரும்ப படிங்க.

எல்லாத்தையும் எண்ணம்தான்னு நெனைக்கறது

வீடு வாடகைக்கு கேட்டு இந்தியர்னு தெரிஞ்சதும் "வீடு முடிஞ்சுடுச்சு"ன்னு ஃபோன வைக்கறாங்க, புருஷன் குடிச்சிட்டு கைய ஓங்கறாரு, ஆலோங் (கந்துவட்டிக்காரன்) வாசல்ல பெயின்ட் ஊத்தறான். இதுக்குப் போயி ஆதாரம் ரெண்டு பக்கமும் எழுதிட்டு உக்காந்திருந்தா அது சிகிச்சை இல்ல, அநியாயம். எண்ணம் சரியா இருந்தா எண்ணத்த மாத்த வேலை இல்ல, நிலைமைய மாத்தற வழிய பாக்கணும், போலீஸ், வக்கீல், சொந்தக்காரங்க, யாரு உதவுவாங்களோ அவங்க. புது கவுன்சலர்ங்க இத சொல்லத் தயங்கறாங்க, தயங்க வேண்டாம்.

ஆளு பாக்குறதா இருந்தா, கவுன்சலர்னா மலேசியாவோட 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு பண்ணினவரா, பிராக்டிஸ் லைசன்ஸ் இன்னும் செல்லுபடியா இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. சாகணும்ங்கிற எண்ணம் வந்துச்சுன்னா மட்டும் நோட்டு புத்தகத்த மூடி வச்சுட்டு உடனே 15555க்கு ஃபோன் பண்ணுங்க, அது மலேசிய சுகாதார அமைச்சோட ஹீல் லைன், இல்லன்னா கூட ஒரு ஆள கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க.