வேக்குவம் ஃபார்மிங்: முதல் தட்டு செய்வது எப்படி?

பிஸ்கட் பாக்கெட்டின் உள்தட்டும் பிரிட்ஜ் கதவின் உள்பக்கமும் இதே முறையில்தான் உருவாகின்றன. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்றின் அழுத்தம் ஷீட்டை அச்சோடு அமுக்கிவிடும். புதிதாகச் செய்பவர்கள் உறிஞ்சும் மெஷினைப் பற்றியே கவலைப்படுவார்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது சூட்டில்தான்.

ஷீட்: 1 மி.மீ. எச்.ஐ.பி.எஸ். (எளிதில் உடையாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) வாங்குங்கள். ஈரம் இழுக்காது, சூட்டில் சற்று முன்பின் ஆனாலும் தாங்கும். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் என்ற வேறு இரண்டு பிளாஸ்டிக்குகளும் ஈரம் பிடிப்பவை. உலர்த்தாமல் சூடாக்கினால் குமிழ் குமிழாகக் கிளம்பும். பி.வி.சி. வேண்டவே வேண்டாம். சூடு மிஞ்சினால் அமிலப் புகை வரும்.

அச்சு: 10×10 செ.மீ., 4 செ.மீ. உயரத்தில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கட்டை போதும். பக்கங்கள் 5 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அதாவது மேல்விளிம்பு நான்கு பக்கமும் மூன்றரை மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும். செங்குத்தாக விட்டால், ஆறிச் சுருங்கும் பிளாஸ்டிக் அச்சைக் கவ்விக்கொள்ளும். மூலைகளை உருட்டித் தேயுங்கள். பள்ளம் இருந்தால் அதன் அடியில் 1 மி.மீ. துளை போடுங்கள்; இல்லாவிட்டால் அங்கே காற்று சிக்கி உரு மழுங்கும்.

பெட்டி: காற்றுப் புகாத மரப்பெட்டி. மேல்பலகையில் 2 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள், ஓரம் சுற்றிலும் ஃபோம் டேப், பக்கவாட்டில் வேக்குவம் கிளீனர் குழாய். அச்சை இந்த மேல்பலகையின் நடுவில் வைத்து, அதற்கு அடியில் அதைவிடச் சிறிய அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தூக்கினால் காற்று தடையில்லாமல் போகும்.

சூடாக்குதல்: 20×20 செ.மீ. உள்ளளவுள்ள இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஷீட்டை வைத்து, சுற்றிலும் கிளிப் போடுங்கள். ஓவன் 170 டிகிரி செல்சியஸ். இனி அதில் சமைக்கக் கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள், ஷீட்டைப் பாருங்கள். முதலில் அலை அலையாக நெளியும். பலர் இங்கேயே அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்தால் நெளிவு மறைந்து, தோல்போல விறைப்பாக இழுபடும். அதன் பிறகுதான் நடுப்பகுதி தொய்யத் தொடங்கும். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தொய்ந்ததும் வேக்குவத்தைப் போட்டுவிட்டு, பிரேமை நேராக, தயங்காமல் ஃபோம் டேப்பின் மேல் அமுக்குங்கள். ஓரிரு விநாடியில் உரு விழுந்துவிடும். ஷீட் விறைக்கும்வரை மெஷினை நிறுத்தாதீர்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே கழற்றிவிடுங்கள். முழுக்க ஆறினால் பிடி இறுகும்.

மூலையில் ஷீட் மடிந்து ஒட்டிக்கொண்டால், ஷீட் அளவுக்கு மீறித் தொய்ந்திருக்கும், அல்லது அச்சு உயரம் அதிகம். விளிம்புகள் மழுங்கினால் சூடு போதவில்லை, அல்லது டேப் வழியே காற்று கசிகிறது.

தடிமன் எங்கும் ஒன்றாக இருக்காது. 400 ச.செ.மீ. ஷீட்டோடு அச்சின் பக்கங்கள் சுமார் 160 சேர்கின்றன. சராசரித் தடிமன் 0.7 மி.மீ. ஆகிறது. முதலில் அச்சைத் தொடும் பகுதி உடனே ஆறி, தடிமனாகவே நின்றுவிடும். கடைசியில் இழுபடும் அடிமூலைகள்தான் மிக மெல்லியவை. பாரம் தாங்க வேண்டிய தட்டென்றால் 1.5 மி.மீ. ஷீட்டில் தொடங்குங்கள்.