மரம் அசையும்: வீட்டுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே ஒரு மேசையோ புத்தக அடுக்கோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கருவிகளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எந்த வாள் வாங்கலாம், எந்த டிரில் நீடித்து உழைக்கும் என்பதே பேச்சாக இருக்கும். ஆனால் பார்த்துப் பார்த்துச் செய்த மேசை அடுத்த ஆண்டே நடுவில் விரிசல் விட்டாலோ, இழுப்பறை திறக்க வராமல் முரண்டு பிடித்தாலோ, கருவியின் மேல் பழி போட முடியாது. மரத்தின் குணம் தெரியாமல் வேலையில் இறங்கியதுதான் அநேகமாகக் காரணம். வெட்டிப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்து பிறக்கின்றன.

முதல் தவறு, காயாத மரத்தில் வேலை செய்வது. புதிதாக வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உயிரணுக்களின் உள்ளறைகளிலும், அவற்றின் சுவர்களிலும். உள்ளறைத் தண்ணீர் வெளியேறும் வரை மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவர்களிலுள்ள தண்ணீர் போகத் தொடங்கும். சுருக்கமும் அப்போதுதான் ஆரம்பிக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் தோன்றும் பலகை, தன் சுருக்கத்தில் பெரும்பகுதியை இனிமேல்தான் காட்டப்போகிறது என்று ஆகலாம். நிழலில் அடுக்கிக் காயவைக்கும் மரத்துக்கு, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. இது தோராயம்தான். மரத்தின் வகையும் காற்றோட்டமும் இதை நிறையவே மாற்றும். ஊகத்தை நம்புவதைவிட, சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது மேல். வீட்டுக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு 8 முதல் 12 சதவீத ஈரப்பதம் பொதுவாகச் சரியாக இருக்கும். சூளையில் உலர்த்திய பலகையைக்கூட வந்த அன்றே அறுக்க வேண்டாம். இடையிடையே மெல்லிய குச்சிகள் வைத்து அடுக்கி, ஓரிரு வாரம் பட்டறையின் காற்றுக்குப் பழகவிடுங்கள்.

காய்ந்த மரமும் அசையும். எந்தத் திசையில் அசையும் என்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. நாரின் நீளவாக்கில் மரம் சுருங்குவது மிகமிகக் குறைவு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. குறுக்குவாக்கில்தான் எல்லாச் சங்கடமும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போலப் பல மரங்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலப் பலகைகள் கிண்ணம்போல் வளைவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மேசைப்பலகை, ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலத்தில் மாறக்கூடும்.

இப்போது அந்த மேசைப்பலகையை அதன் அடிச்சட்டத்தோடு சுற்றிலும் திருகாணியால் இறுக்கி, போதாததற்குப் பசையும் தடவிவிட்டால் என்ன ஆகும்? பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. கடைசியில் பலகை நார் வழியே பிளந்து தன் வழியைத் தேடிக்கொள்ளும். வீட்டுப் பட்டறையில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். பலகையைப் பிடித்து வைக்க வேண்டும், ஆனால் நகரவும் விட வேண்டும். சட்டத்தில் போடும் துளையை வட்டமாக இல்லாமல், பலகை அசையும் திசையில் நீள்துளையாகப் போடுங்கள். அல்லது, சட்டத்தின் உட்புறம் ஒரு பள்ளம் எடுத்து, அதில் நாக்கு நுழையும்படி சிறு மரத்துண்டுகளைச் செதுக்கி, அந்தத் துண்டுகளை மட்டும் பலகையின் அடியில் திருகுங்கள். நாக்கு பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கும், பலகை மேலே எழாது. பழைய கதவுகளில் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்துக்குள் பசையில்லாமல் செருகியிருப்பார்கள். அது சிக்கனத்துக்காகச் செய்ததல்ல, பலகைக்கு மூச்சுவிட இடம் கொடுத்த அறிவு. அந்த நடுப்பலகைக்குப் பசை போடாதீர்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் அகலமான பரப்புகளுக்கு பிளைவுட் நல்ல தேர்வு. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அசைவு மிகக் குறைவு. அதன் விளிம்பில் நேராகத் திருகாணி ஏற்றினால் அடுக்குகள் பிரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது அளவு. ஒரே வேலைக்கு இரண்டு அளவு நாடாக்களைப் பயன்படுத்தாதீர்கள். ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வேறுபடும் நாடாக்கள் உண்டு. நாடாவின் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்து, பழுது என்று எண்ணிச் சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கியை விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போதும், சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் புகுந்துவிடாமல் அது ஈடுகட்டுகிறது.

வாள் தின்னும் மரத்தையும் மறக்கக் கூடாது. இயந்திர வாளின் தகடு ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். ஐந்து துண்டுகளுக்கான கோடுகளை ஒரே பலகையில் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு அறுத்தால், முதல் துண்டைத் தவிர ஒவ்வொரு துண்டும் அந்த அளவு குறைந்துவிடும். கோட்டின் எந்தப் பக்கம் கழிவு என்று பெருக்கல் குறி போட்டுவிட்டு, அந்தப் பக்கமாக வாளை வையுங்கள். பொருத்து விழும் இடங்களில் பென்சில் கோட்டைவிடக் கத்திக் கோடு மேலானது. பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கத்தி நாரை வெட்டிவிடுவதால் உளியின் நுனி அந்தக் கீறலில் தானாகவே போய் உட்காரும், ஓரமும் பிசிறடிக்காது. வரைபடத்திலிருந்து எல்லாத் துண்டுகளையும் முதல் நாளே அறுத்துக் குவிப்பதும் சரியல்ல. சட்டத்தைக் கோத்த பிறகு இழுப்பறைக்கான அளவை அந்தச் சட்டத்திலிருந்தே எடுங்கள்.

பசையைப் பற்றி இரண்டு விஷயங்கள். பலகையின் வெட்டுமுனை, அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முகம், பசையை உறிஞ்சிவிடும், அங்கே வெறுமனே ஒட்டினால் பிடிப்பு இருக்காது. ஒரு கட்டையின் நுனியில் கழுந்து (நாக்குபோல் நீட்டிய மெல்லிய முனை) செதுக்கி, மற்றதில் துளை குடைந்து செருகும்போது நீளவாக்கிலுள்ள நார்ப்பரப்புகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்தப் பொருத்து தலைமுறைகளைத் தாங்குவது அதனால்தான். கழுந்தின் தடிமன் கட்டையின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். இரண்டாவது, பசை தடவுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே கோத்துப் பாருங்கள். கோத்த சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று அளந்துவிட்டுப் பசைக்குப் போங்கள். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் தேய்த்தால் அது நாரின் துளைகளுக்குள் பரவி, பாலீஷ் போட்ட பிறகு வெளிறிய திட்டாகத் தெரியும். ரப்பர் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து உளியால் சுரண்டி எடுப்பதே நல்லது.

புத்தகத் தட்டு நடுவில் தொங்கிப்போவது பலருக்கும் நேர்கிறது. ஒரே எடைக்கு, தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். தடிமன் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நீளமான தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள். அல்லது முன்விளிம்பின் அடியில் ஒரு சட்டத்தை நிமிர்த்தி ஒட்டுங்கள்.

மழுங்கிய உளி கூரான உளியைவிட ஆபத்தானது, ஏனெனில் அதைத் தள்ள அதிக பலம் வேண்டும், அந்த பலத்தோடுதான் அது வழுக்கும். இரண்டு கைகளும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால் இருக்கட்டும். சுழலும் இயந்திரங்களுக்கு முன்னால் கையுறை போடாதீர்கள், அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். மேசை வாளில் அறுக்கும்போது தகட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். தகடு பலகையைக் கவ்விப் பின்னோக்கி வீசினால் அந்தப் பாதையில் நீங்கள் இருக்கக் கூடாது.

மரத்தூளை வெறும் குப்பை என்று நினைப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் மரத்தூளைச் சேர்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள், வேலை முடிந்த பிறகும் நெடுநேரம் காற்றில் மிதக்கும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள், உறிஞ்சும் கருவியை இயந்திரத்தோடு இணையுங்கள், இயந்திரத்தை நிறுத்தியவுடன் கவசத்தைக் கழற்றாதீர்கள்.

கடைசிக் கட்டத்தில் அவசரம் தலைதூக்கும். கரடுமுரடான 80 எண் உப்புத்தாளிலிருந்து நேராக மென்மையான 220-க்குத் தாவினால் முதல் தாளின் கீறல்கள் போகாது, அவை பாலீஷுக்குப் பிறகுதான் பல்லைக் காட்டும். இடையில் 120, 180 இரண்டும் வேண்டும். கையால் தேய்க்கும்போது நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மேசைப்பலகையின் மேற்புறத்துக்கு மட்டும் பூச்சு கொடுத்து அடிப்புறத்தை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கும், பலகை வளையும். கண்ணில் படாத அடிப்புறத்துக்கும் அதே பூச்சு வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல், யாரும் கொளுத்தாமலே தீப்பிடிக்கும். துணியை வெளியே, எரியும் பொருட்களிலிருந்து தள்ளி, மடிப்பில்லாமல் தனித்தனியாக விரித்து விறைக்கும்வரை காயவிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், தண்ணீர் நிறைந்த இரும்பு டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.