புதிதாகப் பட்டம் பெற்ற செவிலியர் மருத்துவமனையில் முதல் ஆண்டைத் தொடங்குவது எப்படி?

பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் எட்டாம் பருவத்தில் 22 வார இன்டர்ன்ஷிப் இருக்கிறது. அதை முடித்தவர்களுக்கு வார்டு புதிய இடமன்று. ஆனாலும் அங்கே ஊசி போட்டபோது அருகில் ஆசிரியை நின்றார். பணியில் சேர்ந்த பிறகோ மருந்து அட்டவணையில் உங்கள் கையெழுத்து மட்டுமே இருக்கும். இந்த இடைவெளியைக் கடக்க உதவும் ஓராண்டுப் பயிற்சியை மேலைநாட்டு மருத்துவமனைகள் ரெசிடென்சி என்ற பெயரில் நடத்துகின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பெரும்பாலும் ஓரியண்டேஷன் (அறிமுகப் பயிற்சி), ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) என்ற பெயர்களில், சில இடங்களில் ஒழுங்காகவும் சில இடங்களில் பெயரளவிலும் நடக்கிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் ரெசிடென்சி இதிலிருந்து வேறானது. அது இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு, அதில் சேரவே மருத்துவமனை அனுபவம் வேண்டும்.

முதல் ஆண்டில் நீங்கள் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது, நோயாளியிடம் ஏற்படும் மாற்றத்தைக் கண்டு உரிய நேரத்தில் மூத்தவரை அழைப்பது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதற்கான ஆயத்தமே.

படி 1: பதிவும் தடுப்பூசியும்

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் பணியில் சேராதீர்கள். எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்க விரும்பினால், கேரள மன்றத்திலும் பதிவு வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதம் என மூன்று தவணையாக முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பாற்றல் அளவைப் பரிசோதித்து, அந்த முடிவைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 2: மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

1838-இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூர், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள தனியார் மருத்துவமனைகள் எனச் சிறிய மாவட்டத்துக்குள் நமக்கு வாய்ப்புகள் நிறைய உண்டு. நேர்முகத் தேர்வில் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், இவற்றையும் கேளுங்கள்: எத்தனை வாரம் ஒரு மூத்த செவிலியருடன் இணைந்து பணி செய்ய விடுவீர்கள்? அவர் பெயர் பணிப்பட்டியலில் என்னுடன் சேர்த்து எழுதப்படுமா? தனியாக இரவுப் பணி எப்போது தொடங்கும்? ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டும்? இரவில் பணி மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பாரா?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில், மற்றவை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், புதியவர் சேர வேண்டாம் என்றே சொல்வேன். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஆனால் ஒப்படைத்துவிடக் கூடாது. ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துச் சென்று, படித்த பிறகு கையெழுத்திடுங்கள். பேருந்து வசதியையும் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இரவு எட்டு மணிப் பணிக்கு மலையோரக் கிராமத்திலிருந்து நனைந்து ஓடி வருவதைவிட விடுதியில் தங்குவது நல்லது.

படி 3: முதல் இரண்டு வாரம்

அவசர மருந்துத் தள்ளுவண்டி, ஆக்சிஜன் சிலிண்டருக்கான சாவி, உறிஞ்சு கருவி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை முதல் நாளே தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியின் ஒவ்வோர் இழுப்பறையிலும் என்ன இருக்கிறது என்று கேட்டால் பார்க்காமல் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் கழிவுக்கான மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலக் கலன்களின் பயன்பாட்டையும் அப்போதே பழகிவிடலாம்.

படி 4: பணி ஒப்படைப்பு

முந்தைய பணிநேரத்தார் மேசையில் அமர்ந்து வாசிப்பதைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அவருடன் படுக்கை படுக்கையாகச் செல்லுங்கள். நோயாளியின் பெயரையும் பதிவெண்ணையும் கைப்பட்டையில் பாருங்கள். சிரையில் செருகும் சிறு குழாயான கேனுலா போட்ட இடத்தில் வீக்கமோ சிவப்போ இருக்கிறதா, சலைனில் எவ்வளவு மீதி, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பனவற்றை அவர் அருகில் இருக்கும்போதே சரிபார்த்தால், பிறகு எழும் கேள்விகளுக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பகுதியிலிருந்து வருவோர் பலர் மலையாளம் கலந்து பேசுவார்கள். அவர்கள் வலியைச் சொல்லும் விதத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு நகராமல், மறுபடி கேளுங்கள்.

படி 5: மருந்து

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். வார்டில் தவறு நேரக்கூடிய ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கின்றன. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே வருவது அரை மில்லி. அதாவது 50 யூனிட். கண்ணுக்கு 20 என்று தெரியும், நோயாளியின் உடலுக்குள் இரண்டரை மடங்கு போய்விடும், அவர் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். ஆகவே குப்பியை இடக்கையிலும் சிரிஞ்சை வலக்கையிலும் பிடித்து, இரண்டிலும் அச்சிட்ட எண்ணை வாய்விட்டு வாசித்து, அருகில் இருக்கும் இன்னொரு செவிலியரிடம் காட்டிய பிறகே போடுங்கள். வேலை நெருக்கடியில் இது நேர விரயமாகத் தோன்றலாம், இருந்தும் விட்டுவிடாதீர்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை ஒருபோதும் நேரடியாகச் சிரையில் செலுத்தக் கூடாது. கரைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். சொட்டுக் கணக்கையும் மனப்பாடமாக வைத்திராமல் போட்டுப் பாருங்கள்: மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற, 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு வரும்.

படி 6: அழைப்பது

மோசமடையும் நோயாளியிடம் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கை. அட்டவணையில் பலர் பார்க்காமலே 20 என்று எழுதுவதும் அதைத்தான். ஒரு நிமிடம் முழுவதும், நோயாளி அறியாதபடி, மார்பைப் பார்த்து எண்ணுங்கள். “வெப்ராளமா (தவிப்பாக) இருக்கு, மோளே (மகளே)” என்று ஒரு பாட்டி சொன்னால் அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல், மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். யார் பேசுகிறீர்கள், என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்ற வரிசையில் பேசினால் போதும்:

“சார், ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து பேசுகிறேன். 12-ஆம் படுக்கைக்காரருக்கு மூச்சு 28, நாடி 118, ரத்த அழுத்தம் 94/60. நேற்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தவர். காலையில் மூச்சு 18, ரத்த அழுத்தம் 126/80 இருந்தது. உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.”

கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். “ஒரு மாதிரி இருக்கிறார் சார்” என்று முடித்தால், எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் விளங்காது. தொலைபேசியில் மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தி, நேரத்தோடு எழுதுங்கள். அவர் வரவில்லை என்றால் அடுத்த மூத்த மருத்துவரை அழைக்க இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். இதற்காக யாராவது கடிந்துகொண்டாலும், தேவையற்ற அழைப்பு ஒன்றால் நோயாளிக்கு எந்தத் தீங்கும் நேர்வதில்லை.

படி 7: ஊசி குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். மீறிக் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அதே நேரத்தில் தெரிவித்துவிடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள்ளும், தவறினால் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்து வைக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் இதைத் தனிப் படியாக எழுதுகிறேன்.

படி 8: ஆண்டு முடியும்போது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் மூத்த செவிலியருடன் உட்கார்ந்து, தனியாகச் செய்யக்கூடியவை எவை, உடன் ஒருவர் இருந்தால் செய்பவை எவை என்று குறிப்பேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல நினைப்பவர்களிடம் பெரும்பாலும் 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள் என்பதால், அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, பணிபுரிந்த பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை ஆகியன இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.