ராட்சதக் கணவாயையும் ஏழுவரி ஆமையையும் ஒப்பிடுவது எப்படி?

பள்ளியில் 'வேறுபடுத்துக' என்று கேட்டால் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிவிடுவோம். வேறுபாடு தெரியும், அது ஏன் வந்தது என்பது தெரியாது. அந்த 'ஏன்' கிடைக்கும்படி ஒப்பிடப் பழகுவோம்.

படி 1: இனத்தை முடிவு செய்யுங்கள்

வெறுமனே 'ஆமை' என்றால் போதாது. கடல் ஆமைகளில் மட்டும் ஏழு இனங்கள் இருக்கின்றன. முதுகில் நீளவாக்கில் வரிகள் ஓடும் ஏழுவரி ஆமையை நான் எடுக்கக் காரணம், அது கணவாய் வாழும் ஆழம் வரைக்கும் இறங்கும். இரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டும்.

படி 2: உறவைக் குறியுங்கள்

கணவாய் மெல்லுடலி, நத்தைக்குச் சொந்தம். ஆமை முதுகெலும்புள்ள ஊர்வன. அவ்வளவு போதும்.

படி 3: ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள்

கணவாய் 12 மீட்டர், ஆமை 2 மீட்டர் என்று எழுதினால் தவறான படம் மனதில் விழும். அந்த 12 மீட்டரில் பெரும்பகுதி, இரை பிடிக்க நீளும் இரண்டு உணர்கரங்கள்தான். அதன் உடல் மட்டும் பார்த்தால் சுமார் 2 மீட்டர். எடையில் ஆமைதான் பெரிது: 1988-இல் வேல்ஸின் ஹார்லெக் கடற்கரையில் ஒதுங்கிய ஆமை 900 கிலோவைத் தாண்டியது.

படி 4: இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். "1,000 மீட்டர் ஆழத்தில் எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் மூச்சு. கணவாய்க்குச் செவுள் உண்டு. மூன்று இதயங்கள், செம்பு கலந்த நீல ரத்தம். மேலே வரவே தேவையில்லை. ஆமைக்கோ நுரையீரல். ஆழத்தின் அழுத்தத்தில் அது சுருங்கிவிடும் என்பதால், ரத்தத்திலும் தசையிலும் சேர்த்து வைத்த ஆக்சிஜனை நம்பித்தான் இறங்குகிறது. அப்படியும் 1,200 மீட்டருக்குக் கீழே போனது பதிவாகியிருக்கிறது!

அப்புறம் குளிர். கணவாயின் உடல் சுற்றியுள்ள நீரின் குளிரிலேயே இருக்கும். ஆமை தன் பெரிய உடலாலும் கொழுப்பாலும் வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது.

இருட்டு? கணவாயின் கண் கால்பந்து அளவு, சுமார் 27 சென்டிமீட்டர். அதை வேட்டையாடும் எண்ணெய்த் திமிங்கிலம் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட இந்தக் கண் உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படி 5: தகவல் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள்

ஆமை முட்டையிடக் கரையேறும்; கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் அதை நேரிலேயே எண்ணலாம். ராட்சதக் கணவாயை அதன் ஆழத்திலேயே உயிரோடு முதன்முதலில் படமெடுத்தது 2004-இல்தான், ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் அருகே. அதனால் கணவாய்ப் பக்கத்தில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

படி 6: 'ஏனென்றால்' போட்டு எழுதுங்கள்

"ஏழுவரி ஆமை ஆழத்திலிருந்து திரும்பியே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் மூச்சு மேலே இருக்கிறது." இதே மாதிரி கண்ணுக்கும் குளிருக்கும் ஒவ்வொரு வாக்கியம் நீங்களே எழுதிப் பாருங்கள்.