கற்பனை அலகின் பெரிய அடுக்குகள்: மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

பிளஸ் டூ கலப்பெண்கள் பாடத்தில் எளிதாக மதிப்பெண் தரும் கணக்கு, கற்பனை அலகின் பெரிய அடுக்கைச் சுருக்குவதுதான். அதையும் தவறவிடும் விடைத்தாள்களைச் சேலத்தில் ஆண்டுதோறும் திருத்துகிறேன், மனம் பொறுப்பதில்லை. கற்பனை அலகை இங்கே ஐ என்று குறிக்கிறேன்: ஐ² = −1. எண்களுக்கு நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஐ-யால் ஒருமுறை பெருக்குவது, ஆர்கண்ட் தளத்தில் (கலப்பெண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் தளம்) கடிகார எதிர்த்திசையில் 90 பாகை திரும்புவதாகும். நாலு ரோட்டில் நின்று நான்கு முறை இடப்பக்கம் திரும்பினால் முதலில் பார்த்த திசைக்கே வந்துவிடுவோம். அதனால்தான் 1, ஐ, −1, −ஐ ஆகிய நான்கு மதிப்புகளே சுழன்று வருகின்றன; அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பதும் அதனால்தான். இந்தக் காரணம் தெரியாமல் அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவர்களே பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஐ¹²⁰ என்ன? மீதி 0 என்றதும் விடையையும் 0 என்று எழுதிவிடுகிறார்கள். மீதி என்பது அடுக்கு, விடை அல்ல. ஐ⁰ = 1. எத்தனை முறை திரும்பினாலும் நீளம் 1 குறையாது என்பதால், ஐ-யின் எந்த அடுக்கும் 0 ஆகவே முடியாது.

ஏற்காட்டின் உயரம் சுமார் 1515 மீட்டர். ஐ¹⁵¹⁵-க்குக் கடைசி இலக்கமான 5-ஐ மட்டும் வகுத்தால் மீதி 1, விடை ஐ என்று வரும். தவறு. 100-ஐ 4 மீதியின்றி வகுக்கும், 10-ஐ வகுக்காது. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்கள் வேண்டும். 15-ஐ வகுத்தால் மீதி 3, விடை −ஐ. சிலர் தசமப் புள்ளி வைத்து 378.75 வரை வகுத்துவிட்டு, 75-ஐ மீதி என்கிறார்கள். 0.75 என்பது முக்கால். நான்கில் முக்கால் 3. புள்ளி வைக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது குறை அடுக்கு. ஐ⁻¹⁵¹⁵ கேட்டால், ஐ¹⁵¹⁵ = −ஐ என்று கண்டு, முன்னால் இன்னொரு கழித்தல் குறி போட்டு ‘ஐ’ என்று எழுதுகிறார்கள். விடை சரி, வழி தவறு! 1/ஐ = −ஐ என்பதால், ஒற்றைப்படை அடுக்குகளில் இந்த வழி ஒவ்வொரு முறையும் சரியான விடையே தரும். ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். தவறு மறைந்தே வளரும். சேலம் நகராட்சியான ஆண்டு 1866. ஐ⁻¹⁸⁶⁶ கேட்டால் குட்டு வெளிப்படும். அந்த வழியில் 1 வரும். உண்மையான விடை 1/(−1), அதாவது −1. நான் சொல்லித்தருவது ஒன்றுதான்: குறை அடுக்கோடு அதைவிடப் பெரிய ஒரு 4-இன் மடங்கைக் கூட்டுங்கள். −1515 + 1516 = 1, விடை ஐ. −1866 + 1868 = 2, விடை −1. இப்படிச் செய்தால் பின்னமே தேவையில்லை.

அடைப்புக்குறியையும் கவனியுங்கள். (−ஐ)¹⁸⁶⁶ = −1; ஆனால் −ஐ¹⁸⁶⁶ = 1. அதுபோலவே (2ஐ)¹⁰-இல் 2-க்கும் அடுக்கு உண்டு: விடை −1024.

தொடர் கணக்குகளில், அடுத்தடுத்த நான்கு அடுக்குகளின் கூடுதல் 0 என்பது பலருக்கும் தெரியும். ஐ முதல் ஐ⁵⁰ வரை கூட்டும்போது 48 உறுப்புகள் நீங்கிவிடும். மிஞ்சும் ஐ⁴⁹, ஐ⁵⁰ இரண்டையும் மறந்துவிட்டு 0 என்று முடிக்கிறார்கள். விடை −1 + ஐ. பெருக்கலுக்கு இந்த விதி செல்லாது: அடுத்தடுத்த நான்கு அடுக்குகளைப் பெருக்கினால் எங்கே தொடங்கினாலும் −1 தான் வரும்.